படக்கதை ஓவியரும் மூழ்கிய கப்பலும்

1905-இல் தொடங்கிய 'லிட்டில் நீமோ' படக்கதையால் புகழ்பெற்றவர் அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே. சிறுவன் ஒருவனின் விந்தைக் கனவுகளே அவருக்குக் கைவந்த பொருள். 1915 மே 7 அன்று, அயர்லாந்துக் கரைக்கு அருகே, ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலால் லூசிட்டேனியா கப்பல் 18 நிமிடங்களில் மூழ்கியது; ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அக்காட்சியைப் படம்பிடிக்க அங்கே காமிரா ஏதும் இல்லை. மெக்கே அதனை வரைந்தே காட்டத் துணிந்தார். இரண்டாண்டு உழைப்பு, சுமார் 25,000 சித்திரங்கள்! 1918-இல் வெளிவந்த அச்சலனப்படத்தில் நகைப்புக்கு இடமே இல்லை. கரும்புகை எழுகிறது, கப்பல் சாய்கிறது, மனிதர் புள்ளிகளாய் உதிர்கின்றனர், இறுதியில் குழந்தையை நீருக்குமேல் ஏந்த முயன்றவாறே ஒரு தாய் அமிழ்கிறாள். அதையடுத்து வருவன கெய்ஸரைச் சாடும் வாசகங்கள். அவை போர்க்காலப் பிரசாரமே என்பதில் நமக்கு ஐயமில்லை. அத்தாயின் கைகளையோ நாம் அவ்வாறு ஒதுக்கிவிட இயலவில்லை.