மேடானின் மட்ராஸ் குறிச்சி

சுமாத்திராத் தீவிலுள்ள மேடான், சாவாவுக்கு வெளியே இந்தோனேசியாவின் மிகப் பெரிய நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 24 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் அந்நகரின் நட்டநடுவில், பாபுரா ஆற்றை ஒட்டி, 'மட்ராஸ் ஹுலு' என்று அரச பதிவேட்டிலேயே பெயர் பெற்ற ஒரு வட்டாரம் உண்டு. ஹுலு என்றால் ஆற்றின் மேற்பக்கம். மக்கள் பேச்சில் அது கம்போங் மட்ராஸ். அதற்கு முன்னர் கம்போங் கெலிங். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'கெலிங்', காலப்போக்கில் தமிழரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகிவிட்டது. எனவே பெயர் மாறியது. ஆனாலும் வாடகை வண்டிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் உரிய இடத்தில்தான் இறக்கிவிடுவார்.

வெளிநாட்டு நகரொன்றின் நடுப்பகுதியில் குடியிருக்கலாமா, அங்கே பணத்தைப் போடலாமா என்று கேட்போர் இன்று பலர். மேடானின் தமிழர் அந்தக் கேள்வியை ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள். வன்னியின் மல்லாவியைச் சேர்ந்த எனக்கு அவர்களின் கதை அந்நியமாகப்படவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

1863ஆம் ஆண்டில் யாக்கோபஸ் நியன்ஹைஸ் என்ற ஒல்லாந்த வணிகர் டெலிக் கரையில் வந்திறங்கினார். புகையிலை பயிரிடுவதே நோக்கம். அந்த மண்ணில் விளைந்த இலை சுருட்டின் வெளிச்சுற்றுக்கு உகந்ததாக இருந்ததால் ஐரோப்பாவில் நல்ல விலை போனது. 1869இல் டெலிக் கொம்பனி உருவாயிற்று. காடுகள் வீழ்ந்தன. ஆட்கள் தேவைப்பட்டனர். புகையிலை வயல்களுக்குப் பெரும்பாலும் சீனர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தமிழர்களுக்குக் கிடைத்தவை வேறு வேலைகள்: தெருப் போடுதல், வாய்க்கால் வெட்டுதல், மாட்டு வண்டி ஓட்டுதல். டெலிக்கு நேரடியாகத் தொழிலாளரை அனுப்பப் பிரித்தானிய இந்திய அரசு இணங்கவில்லை. ஆகவே பலர் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து நீரிணையைக் கடந்தே வந்து சேர்ந்தனர். ஒப்பந்தத்தை மீறும் கூலியைச் சிறையிலடைக்க 1880இன் கூலிச் சட்டம் இடமளித்தது. நமது மலையகத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மேடான் அப்போது இரண்டு ஆறுகள் சந்திக்கும் இடத்திலிருந்த ஒரு சிற்றூர். 1887இல் கிழக்குச் சுமாத்திராவின் நிர்வாகத் தலைமையகம் பெங்காலிஸிலிருந்து அங்கு மாற்றப்பட்டது. 1891இல் டெலிச் சுல்தானும் தமது புதிய மைமூன் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். 1909இல் மேடான் நகரசபையாயிற்று. ஒப்பந்தம் முடிந்த தமிழர் சிலரும், வண்டிக்காரரும், பால் விற்போரும், சிறு வணிகரும் பாபுரா ஆற்றங்கரையில் குடிசை போட்டபோது அது ஊரின் ஓரமாகவே இருந்தது. நகரம் வளர்ந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நடுநகரில் காணி வாங்கவேண்டும் என்று எவரும் திட்டமிட்டு வந்ததில்லை. அவர்கள் இருந்த இடம் நடுநகராயிற்று, அவ்வளவுதான்.

கையில் சிறிது பணம் சேர்ந்ததும் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று கோயில் கட்டியது. இன்று தேயுக்கு உமார் வீதி எனப்படும் தெருவில் 1884இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. தென்னிந்திய முஸ்லிம்கள் அருகிலேயே காவுதியா பள்ளிவாசலை நிறுவினார்கள். செட்டிமார் வட்டிக்கடை வைத்தார்கள். அவர்களுக்கு முருகன் கோயில். மேடானின் பெருந்தனவந்தராக விளங்கிய சீனர் சோங் ஆ ஃபீ, பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களுக்கு வாரி வழங்கியவர் என்று இன்றும் அந்நகரில் பேசப்படுகிறார். சீக்கியர் காவற்காரராகவும் மாடு வளர்ப்போராகவும் அதே குறிச்சியில் குடியேறினர். தமிழரின் பெயரைத் தாங்கிய குறிச்சி தமிழருக்கு மட்டுமே உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. ஏக்கத்தோடு எழுதுவோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

1942இல் யப்பானியர் வந்தனர். பின்னர் விடுதலைப் போர். பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். எஞ்சியோரைச் சோதித்தது ஒரு கடதாசி. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க அடிப்படைக் காணிச் சட்டம், 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. முதுசமாக அத்தகைய காணியைப் பெறும் வெளிநாட்டவர்கூட ஓராண்டுக்குள் அதைக் கைவிடவேண்டும். 'ஹக் குனா பங்குனான்' என்பது கட்டடம் கட்டிப் பயன்படுத்தும் உரிமை. 30 ஆண்டுகள், நீட்டிப்புக்கு இடமுண்டு. ஆனால் அதுவும் குடிமக்களுக்கும் உள்நாட்டில் பதிவுசெய்த கொம்பனிகளுக்குமே. பிறநாட்டாருக்கு எஞ்சுவது 'ஹக் பக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை. வெளிநாட்டவர் வீடு வைத்திருப்பதற்கான 2015இன் ஒழுங்குவிதியும், 2021இல் நீக்கப்படும்வரை, இந்த வரம்புக்குள்ளேயே நின்றது. உள்ளூர் நண்பர் ஒருவரின் பெயரில் வாங்கிவிடலாம் என்று சொல்லும் தரகர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. சட்டத்தின் கண்ணில் அந்த வீடு நண்பருடையது.

உரிமை கிடைத்தவர்கள் மட்டும் நிலைத்து நின்றார்களா என்றால், அதுவும் இல்லை. நடுநகரில் நிலவிலை ஏற ஏற, விற்றுவிட்டு நகரின் ஓரத்துக்குப் போவதே பல குடும்பங்களுக்கு இலாபமாயிற்று. கீழே கடையும் மேலே வீடுமாக அமையும் 'ரூக்கோ'க்கள் எழுந்தன. அவற்றைப் பெரும்பாலும் வாங்கியோர் சீன வணிகர். 2004இல் சைனுல் ஆரிபின் வீதியில் சன் பிளாசா என்ற பேரங்காடி திறக்கப்பட்டது. குறிச்சிக்கு அணித்தாயிருந்த பொலோனியா விமான நிலையத்திலிருந்து பயணிகள் சேவை 2013 யூலையில் குவாலாநாமுவுக்கு மாறியது. தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்தவரை அடுக்குமாடிகளுக்கு எட்டாதிருந்த உயரம், அதன்பின்னர் முதலீட்டாளரின் கணக்கில் சேர்ந்துகொண்டது.

மேடானில் பிறந்து இந்தோனேசியாவின் பெரும் ஆலை அதிபராக உயர்ந்த மாரிமுத்து சீனிவாசனின் டெக்ஸ்மாகோ குழுமம் வளர்ந்ததும் இந்தக் குறிச்சியில் அல்ல, சாவாவில். 1997-98 நிதி நெருக்கடியில் அது கடனில் மூழ்கியது. தமிழரின் தனிமூலதனம் இந்தத் தெருவைத் தாங்கி நின்றது என்று சொல்ல என்னால் இயலாது. தாங்கி நிற்பவை கோயிலும் பள்ளிவாசலும். அவை நிற்கும் நிலம் தனியொருவரின் கையில் இல்லை. எனவே விலை ஏறினாலும் விற்பனைக்கு வருவதில்லை. ஓரத்துக்குப் போய்விட்ட குடும்பங்கள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் நடுநகருக்குத் திரும்பிவர இவை காரணமாகின்றன. பகரூயோங் தெருவில் மாலையில் மணக்கும் மர்த்தபாக்கும் ஓரளவு காரணம்தான்.

இனி மல்லாவி. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்ததும், 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானதும், வவுனிக்குளத்தின் அயலிலிருந்த எங்கள் சிறு சந்தையை ஒரே மூச்சில் நகரமாக்கின. தகரக் கொட்டில்களும் கிடுகுக் கடைகளும் வீதியின் இருபுறமும் நெருங்கின. யாழ்ப்பாண வணிகரின் முதல் இங்கு இறங்கியது. நாங்களும் திட்டமிட்டு நடுநகரில் குடியிருந்தவர்கள் அல்லர். 2002இல் ஏ-9 வீதி திறந்ததும் அந்த முதல் கிளிநொச்சிக்கும் வடக்கேயும் திரும்பிப் போனது. 2008 செப்ரெம்பர் 2ஆம் நாள் மல்லாவி இராணுவத்திடம் வீழ்ந்தபோது ஊர் கிழக்கே நடந்துகொண்டிருந்தது.

மீள்குடியேற்றத்தின்போது காணி எவருடையது என்ற கேள்விக்குப் பதில் சொன்னது மறுபடியும் கடதாசிதான். வவுனிக்குளக் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. இதனால் வங்கிக் கடன் எடுக்கவும் காணியைப் பிரிக்கவும் எங்கள் மக்கள் படும் பாடு கொஞ்சமல்ல. இந்தச் சட்டத்தைத் திட்டித் தீர்த்த கமக்காரரை எனக்குத் தெரியும். ஆனால் முழு உரிமையோடு இருந்த மேடான் தமிழர் விற்றுவிட்டுப் போனதையும், விற்க முடியாத காணியில் மல்லாவியின் மூன்றாம் தலைமுறை இன்னும் நெல் விதைப்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அந்தத் தடையை நீக்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்து மல்லாவியில் காணி பார்க்கும் உறவினர்கள் முதலில் கேட்பது, "உறுதிக் காணியோ, பெர்மிட் காணியோ?" என்பதைத்தான். பெர்மிட் என்றால் அடுத்த காணியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.