பாரிஸ் மேசையில் ஓர் அஸ்ஹரி ஆலிம்



வெளிநாடு போய்வருகிற எங்கள் ஊர் ஆட்கள் இப்போது அதிகம். போன இடத்தில் பெரிய ஹோட்டலில் சாப்பிட்டால், சூப்பில் தொடங்கி புடிங் வரைக்கும் படம் எடுத்துப் போடுகிறோம். அதில் பிழையில்லை. ஆனால் ஏறத்தாழ 200 வருடங்களுக்கு முன் அப்படியொரு மேசையில் உட்கார்ந்த ஓர் ஆலிமின் கதையை இன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அவர் பெயர் ரிஃபாஆ அத்-தஹ்தாவி. 1801ல் எகிப்தின் தஹ்தா என்ற ஊரில் பிறந்து, அல்-அஸ்ஹரில் ஓதியவர். 1826ல் எகிப்தை ஆண்ட முஹம்மத் அலி பாஷா 40க்கும் மேற்பட்ட மாணவர்களைப் படிப்புக்காகப் பாரிஸுக்கு அனுப்பியபோது, அவர்களுக்கு இமாமாகப் போனவர் இவர். காண்பதை எழுதிவைக்கும்படி உஸ்தாத் ஹஸன் அல்-அத்தார் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி எழுதியது 1834ல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் நூலாக வந்தது.

கப்பல் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தை அடைந்ததும் முதலில் தனிமைப்படுத்தல்தான். அங்கேயே ஆச்சரியம் தொடங்கிவிட்டது. பாயில் சுற்றி உட்கார்ந்து, நடுவே வைத்த தட்டில் கையால் சாப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள்; நாங்கள் கலியாண வீட்டில் சஹனில் சாப்பிடுவது போலத்தான். இங்கோ எல்லோருக்கும் கதிரை, உயரமான மேசை. ஆளுக்கொரு வெள்ளைப் பீங்கான், கிளாஸ், கத்தி, முள்ளுக்கரண்டி, கரண்டி. ஒருவர் குடித்த கிளாஸில் இன்னொருவர் குடிப்பதில்லை. சுத்தத்துக்கும் சுகத்துக்கும் இதுவே நல்லது என்று அந்நாட்டவர் நினைக்கிறார்கள் என்று அவர் எழுதினார்.

பிறகு மார்செயில் ஒரு கோப்பிக் கடைக்குள் போனார். உள்ளே பெரிய தெரு ஒன்று இருக்கிறது, சனம் நிறைந்து வழிகிறது என்று நினைத்தார். அந்தச் சனத்துக்குள் தன் முகத்தையே கண்ட பிறகுதான், அது சுவர் நிறைந்த கண்ணாடி என்று விளங்கியது. இந்த ஏமாற்றத்தை அவர் மறைக்கவில்லை, நூலிலேயே எழுதிவைத்தார்.

பாரிஸில் சாப்பாட்டுக் கடைகளையும் அங்கு சாப்பாடு வரும் ஒழுங்கையும் கவனித்தார். முதலில் சூப்பு. அடுத்தது இறைச்சி. பிறகு மரக்கறி, மாப்பண்டங்கள், சலாது. கடைசியில் பழம், அதன்பின் தேநீர், கோப்பி. எல்லாவற்றையும் அவர் புகழவில்லை. இத்தனை வகையிருந்தும் சுவை குறைவு, பீச்சைத் தவிர எந்தப் பழத்திலும் உண்மையான இனிப்பில்லை என்றார். மாடு அறுக்கும் முறையைக் கண்டித்தார். அங்குள்ள தொட்டிக்குப் போன எகிப்திய வேலையாள் ஒருவர், பிரான்ஸில் தன்னை மாடாகப் படைக்காததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டே திரும்பி வந்தாராம்!

பாருங்கள், அந்த மேசையைக் கண்டு அவர் மயங்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. நல்லதை நல்லது என்றார், ஏற்க முடியாததை ஏற்க முடியாது என்றார். 5 வருடம் பிரெஞ்சு படித்து, 1831ல் ஊர் திரும்பினார். பின்பு கெய்ரோவில் மொழிகள் கல்லூரியை நடத்தி, நூல்களை அரபுக்குக் கொண்டுவரும் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 1873ல் வபாத்தானார்.

10 வருடங்களுக்குப் பிறகு, 1883ல், அதே எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார் ஒராபி பாஷா. மார்க்கத்தோடு நவீன கல்வியும் வேண்டும் என்று எங்கள் முன்னோரை ஊக்கப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். அந்த உழைப்பின் பலன்தான் 1892ல் மருதானையில் தொடங்கிய பாடசாலை, இன்றைய ஸாஹிரா.

இன்று எங்களில் ஒரு சாரார் முள்ளுக்கரண்டியைக் கண்டாலே மார்க்கம் போய்விட்டது என்கிறார்கள். இன்னொரு சாரார் சஹனில் உட்கார வெட்கப்படுகிறார்கள். தஹ்தாவிக்கு இரண்டு நோயும் இருக்கவில்லை.

அடுத்த முறை வெளிநாட்டு மேசையில் உட்கார்ந்தால் ஆசையாகச் சாப்பிடுங்கள், படமும் எடுங்கள். திரும்பி வரும்போது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல விசயத்தையும் கொண்டு வாருங்கள். நீங்கள் போன நாட்டில் கண்டு படித்தது எது? கீழே எழுதுங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.