கடைத்தெருவும் கடன் பேரேடும்: கொல்கத்தாவிலிருந்து ஒரு குறிப்பு

கடைத்தெருக்களின் வீழ்ச்சியைப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒரே வரிசையைச் சொல்கிறோம்: பேரங்காடி வந்தது, அதன்பின் இணையவழி வணிகம் வந்தது, பழைய கடைகள் மடிந்தன. பிரிட்டிஷ் நகரங்களின் அனுபவத்தில் உருவான இவ்வரிசை கொல்கத்தாவுக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து.

1882இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட வைட்டவே லெயிட்லா நிறுவனம் பின்னர் ஆசிய நகரங்கள் பலவற்றில் கிளை பரப்பியது. சௌரங்கியில் அது எழுப்பிய மாளிகை மெட்ரோபாலிடன் கட்டடம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. அங்கே பொருளுக்கு ஒரே விலை. கடன் என்ற பேச்சே இல்லை. அதனால் நிறுவனத்தின் பெயரைத் திரித்து 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தனர்.

அதற்குச் சற்றுத் தொலைவில், 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட நகராட்சிச் சந்தை இருந்தது. பிற்காலத்தில் ஸ்டூவர்ட் ஹாக் பெயரைப் பெற்ற அதனை மக்கள் நியூ மார்க்கெட் என்றே அழைத்தனர். உள்ளூர்ச் சந்தைகளின் நெரிசலை விரும்பாத ஐரோப்பியருக்காகக் கட்டப்பட்டதாயினும், அங்கே பேரம் குடியேறிவிட்டது. ஆக, ஒரே வட்டாரத்தில் இரு வேறு வாங்கும் ஒழுக்கங்கள் அருகருகே வாழ்ந்தன. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கம், எந்தக் கடைப்படியேறுவது என்பதையே அரசியல் நிலைப்பாடாக மாற்றியது.

சுதந்திரத்தை ஒட்டி ஆங்கிலேய வாடிக்கையாளர்கள் கப்பலேறினர்; அவர்களை நம்பியிருந்த பெருங்கடைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. பேரங்காடியும் இணையமும் இல்லாத காலத்தில் நிகழ்ந்த மறைவு இது. வாங்கும் வர்க்கமே வெளியேறியதுதான் காரணம். புதிய போட்டியாளர் எவரும் அக்கடைகளை வீழ்த்தவில்லை.

எஞ்சிய கடைகளைத் தாங்கிய தூண்களில் ஒன்று, வாடகைக் கட்டுப்பாடு. மேற்கு வங்கத்தின் 1956ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் பழைய வாடகைதாரர்களைக் காத்தது. பிரிட்டனில் வாடகை உயர்ந்து கடைகள் காலியாயின. இங்கோ வாடகை உயராததால் கடைகள் நீடித்தன, பழுதுபார்க்க ஆளின்றிக் கட்டடங்கள் சிதைந்தன. மற்றொரு தூண் கடன். வங்கப் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் அன்று நடைபெறும் 'ஹால் கத்தா' சடங்கில், வணிகர் பூசை செய்து சிவப்புத் துணி அட்டையிட்ட புதிய பேரேட்டைத் திறப்பார். வாடிக்கையாளர் பழைய பாக்கியை முழுதாகவோ பகுதியாகவோ தீர்ப்பார். இனிப்புப் பொட்டலமும் நாட்காட்டியும் பெற்றுச் செல்வார். கணக்கு முடிக்கும் நாளே உறவு புதுப்பிக்கும் நாளாகவும் இருந்தது.

1996இல் 'ஆப்பரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் நடைபாதை வணிகர்கள் அகற்றப்பட்டனர். காலப்போக்கில் அவர்கள் திரும்பி வந்தனர். 2001இல் பிக் பஜார் வந்தது. 2003இல் ஃபோரம் வணிக வளாகம் திறந்தது. கடைத்தெருவை விழுங்கும் என்று அஞ்சப்பட்ட பிக் பஜாரின் பெயர்ப்பலகைகளே 2022இல் இறங்கத் தொடங்கின. கடைகளை விழுங்குபவை எனக் கருதப்பட்டவையும் நிலையானவை அல்ல. இணையவழி வணிகமும் இந்திய வாங்குவோரின் ஐயத்துக்குப் பணிய வேண்டியிருந்தது. 2007இல் புத்தக விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறையை 2010இல் கொண்டுவந்தது. முன்பின் அறியாதவரிடம் முன்பணம் கொடுக்கலாகாது என்ற சந்தையின் பழைய எச்சரிக்கை, வீட்டு வாசலுக்கு இடம்பெயர்ந்தது.

அப்படியானால் மாறியது எது? என் பார்வையில், கடன் தருபவர் மாறிவிட்டார். செயலியும் கடன் தருகிறது. ஆனால் 'இந்த மாதம் வீட்டில் மருத்துவச் செலவு, அடுத்த வாரம் தருகிறேன்' என்று அதனிடம் சொல்ல இயலாது. பழையதைப் புனிதமாக்கவும் வேண்டாம். கடைக்காரரின் நம்பிக்கை எல்லோருக்கும் கிடைத்ததில்லை. சாதியும் குடும்பப் பெயரும் தெரிந்தவருக்குப் பேரேட்டில் இடமிருந்தது. நேற்று வந்த கூலித் தொழிலாளிக்கு ரொக்கம் மட்டுமே வழி. பேரம் பேசத் தயங்கியவருக்கு ஒரே விலைக் கடையில் கிடைத்தது ஒருவகைச் சமத்துவம்.

இவ்விரண்டையும் எடைபோடுவதற்கான சான்று அந்தப் பேரேடுகளில்தான் இருக்கிறது. யாருக்குக் கடன் தரப்பட்டது, எவ்வளவு காலம் பொறுக்கப்பட்டது, எந்த ஆண்டில் தவணைகள் பிந்தின என்பவற்றுக்கு அரசு ஆவணக் காப்பகங்களில் விடை தேடினால் போதாது. ஒரு கடை மூடப்படும்போது மரப்பலகைகளுக்கும் கண்ணாடி அலமாரிகளுக்கும் விலை பேசுவோர் உண்டு. பேரேடுகளோ எடைக்குப் பழைய காகிதமாகப் போகின்றன. வணிக வரலாறு பயிலும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் ஊரில் ஒரு பழைய கடை மூடப்படுகிறது என்று அறிந்தால், புகைப்படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். உரிமையாளரிடம் பேரேடுகளைக் கேளுங்கள். தர மனமில்லையெனில், பெயர்களை மறைத்துப் படியெடுக்கவாவது அனுமதி பெறுங்கள். ஷட்டர் இறங்கியபின் அந்த வாய்ப்பு மீண்டும் வராது.