கமராவின் எண்களும் எங்கட முகங்களும்

இப்ப கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடாப் பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு மூலையில போட்டோ பூத் நிற்கும். பின்னால ஒரு துணி, கொஞ்சம் பூ, கையில பிடிக்க அட்டையில வெட்டின மீசை, கண்ணாடி. கலியாணம், பிறந்தநாள், பட்டமளிப்பு, ஒன்றுகூடல் எண்டு எதுவும் விதிவிலக்கில்லை. நாங்களும் ஒரு நிகழ்வுக்கு பூத் போட ஆயத்தமானபோது முதல்ல வந்த கேள்வி, கமராவை எந்த செட்டிங்கில வைக்கிறது எண்டதுதான். தேடினால் எண்கள் நிறையக் கிடைக்கும். அந்த எண்கள் எங்க இருந்து வந்தன, யாருடைய முகத்தை நினைச்சு வைக்கப்பட்டன எண்டதைத்தான் தனியாகத் தேட வேண்டியிருந்தது. தேடிப் பார்த்ததை இங்க எழுதுகிறோம்.

ஆசனத்தைச் சுற்றினால் போதும்

பூத் எண்ட யோசனை நூறு வருஷப் பழசு. சைபீரியாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன அனடோல் ஜோசெப்போ, 1925 இல் நியூயோர்க் பிரோட்வேயில் 'ஃபோட்டோமட்டோன்' எண்ட தானியங்கிப் படக்கூண்டைத் திறந்தார். 25 சதம் போட்டால் 8 படம் கிடைக்கும். அதுக்கு எடுத்த நேரம் ஏறக்குறைய 8 நிமிடம். முதல் 6 மாதத்தில் 280,000 பேர் அதுக்குள்ள இருந்து படம் எடுத்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. 1927 இல் அதன் உரிமையை 10 இலட்சம் டொலருக்கு விற்றார்.

அந்தக் கூண்டுக்குள் லென்ஸின் துவாரமும், விளக்கும், தூரமும் ஒருமுறை பூட்டினால் பூட்டினதுதான். மாற்றக்கூடியதாக இருந்தது இருக்கிற ஆசனம் மட்டும். அதைச் சுற்றி உயர்த்தியோ பதித்தோ உங்கட முகத்தை இயந்திரத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது, இயந்திரம் ஆளுக்கேற்ப மாறாது, ஆள்தான் இயந்திரத்துக்கு ஏற்ப மாற வேணும். படம் எடுக்கிறவரே இல்லாமல் படம் எடுக்கலாம் எண்ட சுதந்திரம் அதில் இருந்தது. காதலர்கள் திரைச்சீலையை மூடிக்கொண்டு முத்தமிட்டதும் அங்கதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே வெளிச்சம் எண்டது எல்லாருக்கும் நியாயமான வெளிச்சம் ஆகாது. தொழில்நுட்பத்தில இந்தப் பிரச்சினை ஃபோட்டோமட்டோனுக்கும் முந்தினது.

நீலத்தை மட்டும் கண்ட தட்டு

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவின ஈரக் கொலோடியன் கண்ணாடித் தட்டு, நீல ஒளியையும் புற ஊதாவையும்தான் நன்றாகப் பிடிக்கும். சிவப்பும் மஞ்சளும் அதுக்கு ஏறக்குறைய இருட்டு. எங்கட தோலில் இருக்கிற மண்ணிறம் சிவப்பும் மஞ்சளும் கலந்தது தானே. ஆகவே கண்ணால் பார்க்கிறதைவிட அந்தத் தட்டில எங்கட முகம் இன்னும் கறுப்பாக விழும். உள்ள நுணுக்கம், கன்னத்தின் வளைவு, கண்ணைச் சுற்றின சுருக்கம் எல்லாம் அமுங்கிப் போகும்.

இந்தக் காலத்தில்தான் இலங்கையில் வேலை செய்கிறவர்களின் படங்கள் எடுக்கப்பட்டன. உலகம் கொண்டாடுகிற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் கணவரோடு இலங்கை வந்தார். குடும்பத்துக்கு மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின் எண்டு பெயர் தெரியும். இங்க எடுத்த தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரில்லாமல் 'வகை'களாக நிற்கிறார்கள். ஒரே ஆள், ஒரே கைத்திறன். எண்டாலும் யாரை ஆளாகப் பார்க்கிறது, யாரை வகையாகப் பார்க்கிறது எண்டதில் வித்தியாசம் இருந்தது. முகத்தின் நுணுக்கத்தை விழுங்குகிற தட்டும் அந்தப் பார்வைக்குத் துணை போனது.

1873 இல் ஜேர்மன் வேதியியலாளர் ஹேர்மன் ஃபோகல், தட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் பிடிக்கும் எண்டு கண்டுபிடித்தார். எல்லா நிறத்தையும் பிடிக்கிற தட்டுகள் கடைக்கு வர 20 ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதுக்குப் பிறகும் பிரச்சினை முடியவில்லை, வேற உருவம் எடுத்தது.

ஷேர்லி எண்ட அளவுகோல்

கலர் ஃபிலிம் வந்த பிறகு, அச்சிடுகிற ஆய்வுகூடங்களுக்கு நிறம் சரியா எண்டு பார்க்க ஒரு மாதிரிப் படம் தேவைப்பட்டது. கொடாக் நிறுவனம் 1950களில் இருந்து அனுப்பின அந்த அட்டைக்கு 'ஷேர்லி அட்டை' எண்டு பெயர் வந்தது. முதல் மாதிரியாக இருந்த ஊழியரின் பெயர் அது. அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்றவர்களின் தோல் எப்படி வந்தாலும் அது இயந்திரத்தின் பிழையாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை.

கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். அதில் எங்களை நிறுத்தி வைத்தது ஒரு விஷயம். கொடாக் மண்ணிறங்களைச் சரியாகக் காட்டத் தொடங்கினதுக்கு முக்கிய அழுத்தம் கொடுத்தவர்கள் சொக்லேட் தயாரிப்பாளரும் மரத் தளபாடம் விற்றவர்களும். கறுப்புச் சொக்லேட்டுக்கும் பால் சொக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை எண்டு அவர்கள் முறைப்பட்டார்கள். மனிசரின் முகத்துக்காக வராத அவசரம் சொக்லேட்டுக்காக வந்தது. பல இனத்தவரும் சேர்ந்திருந்த ஷேர்லி அட்டை 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது.

போலராய்ட்டின் கதை இன்னும் கடுமை. அந்த நிறுவனத்தில் வேலை செய்த கறுப்பின அமெரிக்கர்கள் கரோலின் ஹன்ரரும் கென் வில்லியம்ஸும், தங்கட உடனடிப் படக் கமரா தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்களுக்கான கடவைப் புத்தகத்துக்குப் பயன்படுவதை 1970 இல் அறிந்து போராட்டம் தொடங்கினார்கள். 1977 இல் போலராய்ட் அந்த நாட்டை விட்டு வெளியேறியது. நிமிடத்தில் படம் தருகிற அதே வசதி கலியாண வீட்டில் சந்தோசம், சோதனைச் சாவடியில் கட்டுப்பாடு.

எங்கட வீட்டுப் பழைய அல்பங்களை இதை வைத்துக்கொண்டு திரும்பப் பாருங்க. ஃபிலிமும் பேப்பரும் வெளியில இருந்து வந்தவை. ஸ்டூடியோக்காரர் அதோட மல்லுக்கட்டினார்கள். முகத்துக்குப் பவுடர், நெகட்டிவில் பென்சிலால் டச்சிங். 'வெள்ளையா எடுத்துத் தாங்க' எண்டு கேட்டதில் நிறவெறி இருந்தது உண்மை. அதோட, வெள்ளையாக்காவிட்டால் முகமே தெரியாது எண்ட தொழில்நுட்ப நெருக்கடியும் இருந்திருக்கலாம் எண்டது எங்கட வாசிப்பு. இன்றைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் ஃபோன்களின் 'பியூட்டி மோட்' அதே பென்சிலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூகிள் தன்ர பிக்சல் 6 ஃபோனில் கறுத்த தோல்களைச் சரியாகக் காட்டுகிறோம் எண்டு 'ரியல் டோன்' அறிவித்தது 2021 இல். அவ்வளவு பிந்தி.

ஒரே ஒரு படம்

'சும்மா பகிடிக்கு எடுக்கிற படத்துக்கு இவ்வளவு யோசிக்க வேணுமா?' எண்டு ஒரு நண்பர் கேட்டார். எங்கட ஊரில் யோசிக்க வேணும்.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி, 1972 இல் இருந்து தேசிய அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. எங்கட பெற்றோரின் தலைமுறையில் நிறையப் பேர் ஸ்டூடியோவுக்குப் போனதே அந்த அட்டைக்காகத்தான். பிறகு யுத்தம். சோதனைச் சாவடியில் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் எதிரில் நிற்கிற முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இது நீதானா எண்டு முடிவெடுத்தார்கள். இருட்டாக விழுந்த படம் அந்த இடத்தில் சின்னப் பிரச்சினை இல்லை.

1990 செப்டெம்பர் 5 இல், எங்கட கலைப்பீடம் இருக்கிற வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டங்களில் நெஞ்சோட பிடித்திருக்கிற படங்களை உற்றுப் பாருங்க. நிறைய அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தவை. சில யாருடையதோ கலியாணக் குழுப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தவை. பின்வரிசையில் நின்றவர், ஃபோக்கஸ் இல்லாத முகம், பெருப்பிக்கப் பெருப்பிக்க இன்னும் மங்கும். அந்தக் கலியாணத்தில் படம் எடுத்தவருக்கு இது தெரிய வழியில்லை.

அதுக்கு மேல் தண்ணியும் காற்றும். 1978 நவம்பர் 23 சூறாவளி. 2004 டிசம்பர் 26 சுனாமி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் எண்டு கிடக்கிற இந்தக் கரையில் வீட்டோட அல்பமும் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கு மிஞ்சியது வேற ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் இருந்த குழுப் படங்கள்தான். தமிழ்நாட்டில் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு எண்ணிமப்படுத்தியது. எங்கட பக்கம் நூலகம் நிறுவனம் 'ஆவணகம்' மூலம் படங்களையும் சேர்க்கிறது. எங்கட ஊரின் அல்பங்கள் அங்க போய்ச் சேர நாங்கள்தான் கொண்டுபோக வேணும்.

அப்ப என்ன எண்கள்?

இவ்வளவையும் வைத்து நாங்கள் முடிவெடுத்தது இதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் இருக்கு.

முதலாவது, ஆட்டோ வேண்டாம், மனுவல். கமராவின் ஒளிமானி காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் எண்டு நினைத்துத்தான் கணக்குப் போடும். பின்னால வெள்ளைத் துணி, முன்னால வெள்ளைச் சாரியும் வேட்டியும் எண்டால், வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு நினைத்து அது படத்தை இருட்டாக்கும். அதில் அடிபடுவது கறுத்த முகம்தான். ஆகவே அளவை முகத்தில் பார்த்து, பூட்டி விடுகிறோம். பின்துணியும் வெள்ளை வேண்டாம், கறுப்பும் வேண்டாம். கறுப்பில் தலைமயிர் கரைந்து போகும். மண்ணிறம், சாம்பல், இலைப்பச்சை நல்லது.

இரண்டாவது, எஃப் 8. பின்னணியை மங்கலாக்குகிற எஃப் 1.8 தனி ஆளுக்கு வடிவு. பூத்துக்கு வருவது குடும்பம். இரண்டு வரிசையில் நின்றால் எஃப் 1.8 இல் பின்வரிசை மங்கும். அம்மம்மாவும் தெளிவு, பின்னால எட்டிப் பார்க்கிற மச்சானும் தெளிவு எண்டு இருக்க வேணும்.

மூன்றாவது, ஷட்டர் 125 இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ 200 அல்லது 400. மண்டபத்தின் மஞ்சள், நீல விளக்குகளை அந்த ஷட்டர் வேகம் பெரும்பாலும் அடக்கிவிடும், பிளாஷின் வெளிச்சம்தான் முகத்தில் ஆளும். பிளாஷை நேராக அடிக்காமல், வெள்ளைக் குடைக்கு ஊடாகப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருந்து அடிக்கிறது. நேரடி பிளாஷ் வேர்வை பட்ட முகத்தில் வெள்ளைப் பொட்டாக மின்னும், எங்கட வெக்கை அப்படி. வைட் பலன்ஸையும் பிளாஷுக்கு எண்டு பூட்டினால் முகநிறம் படத்துக்குப் படம் மாறாது.

வந்து நிற்கிறவர்களில் ஆகக் கறுத்தவரை வைத்து வெளிச்சத்தைச் சோதிக்கிறது நான்காவது. மற்றவர்களைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். இருட்டில் தொலைந்த நுணுக்கத்தைத் திருப்பி எடுக்கிறது கஷ்டம். ஷேர்லி அட்டையைத் தலைகீழாகப் பிடிக்கிற மாதிரி எண்டு வைத்துக்கொள்ளுங்க. வெள்ளையாக்குகிற ஃபில்டர் எதுவும் இல்லை. கேட்டு வருகிறவர்களுக்கு முதல்ல நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டுவோம், பிறகு அவர்களே சொல்லட்டும்.

கடைசி விஷயம் கமராவில் இல்லை. ஒவ்வொரு அச்சின் பின்னாலும் திகதி, இடம், நிற்கிறவர்களின் பெயர்களைப் பேனையால் எழுதிக் கொடுக்கிறது. விருப்பமில்லை எண்டு சொல்கிறவர்களின் பெயரும் படமும் எங்களிடம் தங்காது. இதுக்கு ஒரு ஆள் மேசையில் முழுநேரமும் இருக்க வேண்டும், வரிசை கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். நகரட்டும். உங்கட ஊரிலும் பூத் போடுகிறீங்கள் எண்டால் லைட்டுக்கும் துணிக்கும் காசு ஒதுக்கும்போது ஒரு நல்ல பேனைக்கும் ஒதுக்குங்க.