விசைத்தறிக் கூலி ஒப்பந்தம்

விசைத்தறிக் கூலி ஒப்பந்தம் என்பது, கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும், அவர்களிடம் பாவும் ஊடை நூலும் பெற்றுத் துணி நெய்து கொடுக்கும் கூலி விசைத்தறியாளர்களுக்கும் இடையே நெசவுக் கூலி குறித்து ஏற்படும் உடன்பாடாகும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் அமையும் நூல். ஊடை என்பது அதன் குறுக்கே பாயும் நூல். நூலும் நெய்த துணியும் உற்பத்தியாளருக்கு உரியவை. தறி, மின்கட்டணம், உதிரிப் பாகங்கள், தறி ஓட்டுவோரின் சம்பளம் ஆகியவை தறி உடைமையாளரின் பொறுப்பு. ஆதலால், செலவுகள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்க, வரவோ ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வரை ஒரே அளவில் நின்றுவிடுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலியைத் திருத்துவது இத்தொழிலின் வழக்கம். ஆயினும், 2014ஆம் ஆண்டு உடன்பாட்டுக்குப் பின் அவ்வழக்கம் தடைப்பட்டது. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் சோமனூர்த் துணி ரகத்துக்கு 23 விழுக்காடும், பல்லடம் உள்ளிட்ட ஏனைய ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டபோதும், அது நடைமுறைக்கு வராமையால் 2022 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கி, பிப்ரவரியில் முறையே 19, 15 விழுக்காடு என்று குறைந்த அளவில் முடிவு ஏற்பட்டது. 2025 மார்ச் 19இல் தொடங்கிய அடுத்த வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, ஏப்ரல் 20இல் முறையே 15, 10 விழுக்காடு உயர்வுடன் நிறைவுற்றது. கூலி உயர்வுடன், அதற்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும் என்பது அப்போராட்டத்தின் முதன்மையான கோரிக்கையாக இருந்தது.

அக்கோரிக்கையின் காரணம் ஒப்பந்தத்தின் சட்டத் தன்மையில் உள்ளது. முதலாளி, தொழிலாளி என்ற உறவில் ஏற்படும் தீர்வுக்குத் தொழிற்சட்டம் தொடர்ச்சியை அளிக்கிறது: 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, காலம் குறிப்பிடாத தீர்வு ஆறு மாதம் செல்லுபடியானது; காலம் முடிந்த பின்னும், முறைப்படி முடிவு அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் கழியும் வரை அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இக்கோட்பாட்டையே பின்பற்றுகிறது. கூலி விசைத்தறியாளரோ சட்டத்தின் பார்வையில் தொழிலாளி அல்லர். தாமே ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர். எனவே அவர் செய்துகொள்வது இரு வணிகர்களுக்கிடையிலான உடன்பாடாகவே கருதப்படுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அதை மாற்ற இரு தரப்பின் இசைவும் வேண்டும். செலவு உயர்ந்தது என்ற ஒரே காரணத்தால் கூலி தானாக உயராது.

அருகிலுள்ள திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நிலை வேறு. அங்குத் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் 2021இல் செய்துகொண்ட சம்பள ஒப்பந்தம், நான்கு ஆண்டுகளில் 32 விழுக்காடு உயர்வை, முதல் ஆண்டு 19 விழுக்காடாகவும் எஞ்சியதைப் பின்வரும் ஆண்டுகளிலும் பிரித்து அளித்தது. அதாவது, வரவிருக்கும் மாற்றத்துக்கான ஏற்பாடு ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுதப்பட்டது. விசைத்தறிக் கூலி ஒப்பந்தத்தில் அத்தகைய படிநிலை உயர்வு இடம்பெறாமையால், தறிகளை நிறுத்துவதே அதைப் புதுப்பிக்கும் வழியாக இருந்துவருகிறது.