கப்பலேறிப் போன இலைகள்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் காளிகாட், தட்சிணேஸ்வரம், அப்புறம் ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் என்று ஒரு சுற்று உண்டு. ஆலமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே வளாகத்தில் சுமார் 20 லட்சம் செடிகள் காகிதத்தில் படுத்துக் கிடப்பது தெரியும்?

ஹெர்பேரியம் என்பார்கள். செடியைப் பூவும் இலையுமாக அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எந்தத் தேதியில், யார் பறித்தது என்று சீட்டு ஒட்டி வைப்பது. இந்த மாதிரியைத் தாவரவியல்காரர்களும் 'வவுச்சர்' என்றுதான் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது!

இந்தப் பூங்காவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1787ல் தொடங்கியவர் ராபர்ட் கிட். பின்னால் பொறுப்பில் இருந்த நதானியேல் வாலிக், 1828ல் இங்கிருந்த உலர் செடிகளைப் பெட்டி பெட்டியாக லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே கம்பெனியின் மற்றத் தொகுப்புகளையும் சேர்த்துப் பட்டியல் போட்டார். அதில் நம்ம பக்கத்துச் செடிகளும் உண்டு. தரங்கம்பாடி மிஷனரிகள் கிளைன், ராட்லர் சேகரித்தவை. தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்தாரே, அதே ராட்லர்தான். கூடுதல் பிரதிகள் ஐரோப்பா முழுக்கப் பங்கு போடப்பட்டன. முதல் தொகுதி 1832ல் லின்னேயன் சங்கத்துக்கும், 1913ல் அங்கிருந்து கியூ பூங்காவுக்கும் போனது.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு செடிக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த மாதிரியை ஆதாரமாகக் கொண்டார்களோ, பெயரில் தகராறு வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். கொல்லிமலையில் பறித்த செடிக்குச் சாட்சி லண்டனில்! இதற்காகவே கியூவில் ஓர் இந்தியத் தாவரவியலாளரை நம் அரசு பல வருஷம் அமர்த்தியிருந்தது.

இப்போது கியூ, எடின்பரோ, பாரிஸ் தொகுப்புகளின் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நம் நாட்டின் மெய்நிகர் ஹெர்பேரியத்தையும் 2022 ஜூலையில் கல்கத்தாவில் திறந்துவைத்தார்கள்.

பெயர் சரிபார்ப்பதோடு இந்தத் தாள்களின் வேலை முடியவில்லை. பாஸ்டனில் பழைய மாதிரிகளின் தேதிகளை வைத்து 2004ல் ஓர் ஆய்வு செய்தார்கள். 1900-1920ஐ விட 1980-2002ல் செடிகள் சராசரியாக 8 நாள் முன்னதாகப் பூத்திருந்தன. பறித்தவர்கள் யாரும் பருவநிலை மாற்றத்தை நினைத்துத் தேதி எழுதவில்லை. ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவுதான். லட்சக்கணக்கான தாள்கள் கணினியில் ஏறினால் இப்படிப்பட்ட கணக்குகளை ஊர் ஊராகப் போடலாம்.

ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. 2006ல் எங்கள் கிளை லெட்ஜரிலிருந்து கணினிக்கு மாறியபோது, ஒரு பாட்டியின் வைப்புத்தொகையில் நாமினி பெயர் தப்பாக ஏறிவிட்டது. ஏற்றியவன் நானேதான். அவர் காலமான பிறகு, ரெக்கார்டு ரூமில் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்துத்தான் பணத்தைப் பேத்திக்குச் சேர்த்தோம். அந்த லெட்ஜரை எடைக்குப் போட்டிருந்தால்?

சீட்டில் 'மெட்ராஸ்' என்றிருந்தால் அது நகரமா, மாகாணமா? தட்டச்சு செய்பவர் சென்னையில் புள்ளி வைத்துவிட்டால், தஞ்சாவூர்ச் செடி சென்னைச் செடியாகிவிடும். அதோடு, படத்திலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியாது. ஹெர்பேரியம் இலைகளில் துளைகளை எண்ணித்தான், 200 வருஷத்தில் அவற்றின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்ததை 1987ல் உட்வர்ட் காட்டினார். காற்றில் கரியமில வாயு கூடியதன் அடையாளம் அது. அதற்கு இலையே வேண்டும்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தது. படித்ததும் அந்தப் பாட்டியின் லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது.

கப்பலேறிப் போன இலைகள் படமாகத் திரும்பி வருவது சந்தோஷம்தான். ஆனால் வவுச்சரை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று எந்த வங்கிக்காரனும் உடனே கிழித்துப் போடமாட்டான்.