கார்தானும் கிராஸும்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'கார்தான்'. ஒர்க்‌ஷாப்பில் 'கிராஸ்'. ஆபீஸ் இண்டென்டில் 'யுனிவர்சல் ஜாயின்ட்'. மூன்றும் ஒரே சாமான்தான். ஸ்டியரிங் தண்டு நேராக இறங்க வழியில்லாத இடத்தில், வளைத்து இறக்க உதவும் மூட்டு.

கார்தான் என்ற பெயர் இத்தாலியர் ஜிரோலமோ கார்டானோவால் வந்தது. 1501இல் பிறந்து 1576இல் மறைந்தவர். மருத்துவர், கணித மேதை. வளையத்துக்குள் வளையமாகத் தொங்கும் அமைப்பைப் பற்றி எழுதினார். அது அவருக்கு முன்பே இருந்ததுதான். பெயர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் வெளியிட்ட நூலில் இந்த மூட்டை விவரித்தார். அதனால் ஆங்கிலேயர் அதை ஹூக் மூட்டு என்பார்கள்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. வளைந்த நிலையில் ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும், மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். தண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் போட்டு, இரண்டு வளைவும் சம அளவாக இருந்து, நடுத்தண்டின் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், ஒன்றின் கோளாறை மற்றொன்று சரிக்கட்டிவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டோர் குமாஸ்தா. பழைய தண்ணீர் லாரி ஒன்றுக்கு ஸ்டியரிங் தண்டு மாற்றினார்கள். புதுத் தண்டு இரண்டு துண்டு. பல் வெட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று பையன் அதைப் பிரித்து, கைக்கு வந்த பல்லில் சேர்த்துவிட்டான். "வேலை முடிந்தது, சரிபார்க்கப்பட்டது" என்று பில்லில் எழுதினேன். வண்டியை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் டிரைவர் வந்தார். "சார், திருப்பும்போது ஒரு இடத்துல கனக்குது, ஒரு இடத்துல லேசா ஓடுது. நேத்து வளைவுல ஒரு சைக்கிள்காரர் தப்பிச்சது தெய்வச் செயல்."

மூத்த மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முசியே, ரெண்டு கவையும் குறுக்கும் நெடுக்குமா நிக்குது." முன்சக்கரங்களை நேராக்கினார். ஸ்டியரிங் அசையாதபடி கட்டினார். தண்டைக் கழற்றி, கவைகளை ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து, பல்லில் சேர்த்தார். இரண்டு பாதியிலும் சேர்ந்து விழும்படி வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். இறுக்கும் போல்ட் தண்டின் பள்ளத்தில் சரியாக நுழைந்த பிறகுதான் ஸ்பானரைப் பிடித்தார். "பள்ளத்துல நுழையலன்னா தண்டு முழுசா உள்ள போகலன்னு அர்த்தம், முசியே. சுத்தியால அடிச்சு ஏத்தினா ஒருநாள் கழண்டு வந்துடும்."

அன்று முதல் வண்டியைப் பார்க்காமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று நான் எழுதியதில்லை. ஓய்வுபெறும்வரை, ஸ்டோருக்கு வரும் ஒவ்வொரு தண்டிலும் முதலில் தேடியது அந்த வெள்ளைக் கோட்டைத்தான்.